நிமிர்த்தித் தரக் கேட்ட மைனிக்கு

மைனி,

இன்று காலை ஆபரேஷன் தியேட்டரில் அந்த நெடி மறுபடியும் எழும்பியது. எலும்புக்குள் வைக்கிற சிமெண்டைக் குழைக்கும்போது வருகிற நெடி. நகப்பூச்சுப் புட்டியைத் திறந்ததும் மூக்கில் ஏறுமே, அதுவே பல மடங்கு கூடியது போல. முகமூடிக்குள்ளும் நுழைந்துவிடும். மேசையில் குப்புறக் கிடந்தவர் யாரோ ஒரு அம்மாள். ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு, என் எந்திரத்தின் பக்கத்தில், டாக்டர் "எடுங்க" என்று சொல்லக் காத்து நின்றேன். கண் நிறைந்துவிட்டது. அருகில் நின்ற நர்ஸ் பிள்ளை, "என்னக்கா, கண்ணு எரியுதா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். வேறு என்ன சொல்ல?

நீங்கள் போன பிறகு, இந்த ஆபரேஷன் உள்ள நாட்களில் லீவு போட்டுவிடலாமா என்று யோசித்ததுண்டு. போடவில்லை. உடம்புக்குள் நடப்பதை அப்போதைக்கப்போது திரையில் காட்டுகிற அந்த எக்ஸ்ரே எந்திரத்தை ஓட்ட எங்கள் ஆஸ்பத்திரியில் ஆள் குறைவு. அது ஒரு காரணம். இன்னொரு காரணம், வீட்டில் சும்மா இருந்தால் ஆறுதல் சொல்ல யாராவது வந்துவிடுவார்கள். எனக்கு ஆறுதல் கேட்கப் பொறுமை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று ஒருத்தி சொன்னாள். எது நல்லதுக்கு என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவள் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஆகவே, சொல்ல வேண்டியதை உங்களிடமே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு நீங்கள் நம் வீட்டுக்கு வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். வந்த வேகத்திலேயே நமக்குள் சண்டை. குளித்துவிட்டு ஈரத் துணியைக் கதவின்மேல் போடுவது என் பழக்கம். நீங்கள் அதை உருவி முற்றத்தில் எறிந்தீர்கள். "ஏட்டி, கதவு என்ன உனக்க கொடிக் கயிறா?" என்றீர்கள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசாமல் திரிந்தேன். கருங்கல் ஊர்ச் சந்தைக்குப் போன நீங்கள் எனக்கு மட்டும் வளையல் வாங்கி வந்து, "கோவம் போச்சா, இன்னும் கொறச்சு இருக்கா?" என்று கேட்டீர்கள். கொஞ்சம் இருக்கிறது என்றேன். அப்படியானால் வளையல் இப்போது கிடையாது என்று முந்தானையில் முடிந்துகொண்டீர்கள். அன்றைக்கே எனக்கு உங்களைப் பிடித்துவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளத்தான் நாளாயிற்று.

அப்போது நீங்கள் என்னைவிட நல்ல உயரம். அண்ணனுக்குச் சமமாக நிற்பீர்கள். அண்டியாபீஸில் வேலை. முந்திரிக்கொட்டை உடைக்கிற அந்தக் கொட்டகையில், தரையில் உட்கார்ந்து மடியை நோக்கிக் குனிந்து, வறுத்த கொட்டையைத் தட்டித் தட்டிப் பருப்பெடுத்து உங்களுக்குப் பாதி வயது போயிற்று. கொட்டைப் பாலில் விரல் கறுத்து, சாம்பல் தேய்த்துக்கொண்டு வருவீர்கள். மகனைப் படிக்க வைத்து மஸ்கட்டுக்கு அனுப்பியதும் அந்த வேலையில்தான். எனக்குக் கல்யாணமாகி நாலு தோப்பு விளை தள்ளிக் குடியிருந்தாலும், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது உங்கள் அடுக்களையில் பால் விடாத ஒரு கட்டன்சாயா குடித்துவிட்டுத்தான் என் வீட்டுக்குப் போவேன். ஒரு சாயங்காலம் மேல்தட்டில் இருந்த பாத்திரத்தை எடுத்துத் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டீர்கள். எடுத்துக் கொடுத்துவிட்டுக் குனிந்து உங்களைப் பார்த்தேன். குனிந்து பார்க்கிறேனே என்று அப்புறம்தான் உறைத்தது.

பிறகு ஒரு நாள், மார்த்தாண்டத்திலிருந்து வரும் பஸ்ஸில் கடைசி சீட்டில் இருந்திருக்கிறீர்கள். வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து தூக்கிப் போட்டது. அவ்வளவுதான் நடந்தது. மற்றவர்கள் டிரைவரைத் திட்டிவிட்டு இறங்கிப் போனார்கள். நீங்கள் நம் நிறுத்தத்தில் இறங்கி, அங்கேயே கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டீர்கள். எண்ணெய் தேய்த்தும் ஒத்தடம் கொடுத்தும் பார்த்தோம். கடைசியில் நான்தான் படம் எடுத்தேன். என் வேலைக்காலத்தில் எத்தனையோ முதுகுகளைப் பார்த்தவள் நான். உங்கள் முள்ளெலும்புகள் படத்தில் இருந்த மாதிரி பார்த்ததில்லை. ஓரம் மட்டும் பென்சிலால் வரைந்தது போல ஒரு கோடு. உள்ளே ஒன்றும் இல்லாத மாதிரி வெளிறிக் கிடந்தது. நெஞ்சும் இடுப்பும் சேருகிற இடத்தில் ஒரு எலும்பு முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி ஆகியிருந்தது. "என்ன தெரியுது?" என்று உள்ளேயிருந்து கேட்டீர்கள். டாக்டர் பார்த்துச் சொல்வார் என்றேன். "உனக்குத் தெரியாதாக்கும்" என்று சிரித்தீர்கள்.

வலி என்றால் எல்லோருக்கும் புரியும். கால் மரத்துப் போகிறது என்றாலும் புரியும். உங்களுக்கு அந்த இரண்டையும்விடப் பெரிதாக ஒன்று இருந்தது. அதை என்னிடம் மட்டும்தான் சொன்னீர்கள்.

அய்யாவை நாம் கும்பிடப் போகிற நம் ஊர் நிழல்தாங்கலில் உள்ளே சிலை கிடையாது, நிலைக்கண்ணாடிதான். நாமம் இட்டுக்கொண்டு அதன் முன்னே நின்றால் நாம்தான் தெரிவோம். தெய்வத்தை வெளியே தேடாதே, உனக்குள்ளே பார் என்பதற்காக வைத்த கண்ணாடி. பிறந்ததிலிருந்து பார்த்ததால் நமக்கு அதில் புதுமை ஒன்றும் இல்லை. அந்த எலும்பு நசுங்கியதில் கூன் விழுந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுப் பணிவிடை முடிந்து வெளியே வந்தபோது என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். "ஏட்டி, கண்ணாடியில எனக்க மோறு தெரியல்ல. உச்சந்தலைதான் தெரியுது. கழுத்தைத் தூக்கிப் பாத்தாலும் நெத்தி வரைதான். அய்யா எனக்குள்ள இருக்காருன்னா, நான் ஆரைப் பாத்துக் கும்பிடுவேன்?"

அண்ணனிடம் சொல்லலாமே என்றேன். "அவியகிட்ட சொன்னா, அய்யா மனசைத்தான் பாப்பாரு, மோறை இல்லன்னு சொல்லுவாவ. அது எனக்குத் தெரியாதா?" என்றீர்கள். தெரிந்தும் ஆறவில்லை உங்களுக்கு. அதற்கு மேல் ஒரு பயமும் இருந்தது. நம் வழக்கத்தில் எரிப்பது இல்லை; சம்மணமிட வைத்து, வடக்கு நோக்கி இருத்தித்தான் அடக்கம். இப்போது பலர் கிடத்தித்தான் அடக்குகிறார்கள் என்றாலும் நம் குடும்பத்தில் இன்னும் இருத்துகிற வழக்கம்தான். உங்கள் மாமியாரை, அதாவது என் அம்மையை, அப்படித்தான் அடக்கினோம். "உனக்க அம்மை ராணி மாதிரி இருந்தாவ. என்னை எப்பிடி இருத்துவிய? மூட்டை மாதிரியா?" என்று கேட்டீர்கள். விளையாட்டாகத்தான் கேட்டீர்கள். கேட்டுவிட்டு நீங்களே கண்ணைத் துடைத்தீர்கள்.

டாக்டர் பொறுமையானவர். அண்ணனையும் உங்களையும் என்னையும் இருத்தி, மாதிரி முதுகெலும்பு ஒன்றைக் கையில் எடுத்து விளக்கினார். "எலும்பு ரொம்ப மெலிஞ்சு போச்சு. வெறும் ஸ்க்ரூ போட்டா பிடிப்பு இருக்காது. கொஞ்ச நாள்ல ஆடிப் பிடுங்கிட்டு வந்திரும். அதனால உள்ளே துளை இருக்கிற ஸ்க்ரூ போட்டு, அது வழியா சிமெண்ட் செலுத்தணும். சிமெண்ட் எலும்புக்குள்ள பரவி இறுகினா ஸ்க்ரூ அசையாது." அது ரத்தக் குழாய் வழியாக நுரையீரலுக்குப் போகிற அபாயம் உண்டு, நரம்புப் பக்கம் கசிகிற அபாயம் உண்டு என்றும் மறைக்காமல் சொன்னார். அண்ணன் கை இரண்டையும் கோத்துக்கொண்டு, "வலி போனா மதி டாக்டர், அது போதும்" என்றார்.

நீங்கள் தலையைத் தூக்க முடிந்த அளவு தூக்கி, "நிமித்தித் தருவியளா?" என்று கேட்டீர்கள்.

"நிமிர்த்தலாம்மா. ஆனா எவ்வளவு நிமிர்த்துறோமோ அவ்வளவு பாரம் மேலே உள்ள எலும்புக்குப் போகும். அதுவும் மெலிஞ்ச எலும்புதான். எல்லா எலும்புலயும் ஸ்க்ரூ போட முடியாது. எங்க நிறுத்துறேனோ, அதுக்கு மேல உள்ளது ஒடியலாம்."

"கொஞ்சமா நிமித்தினா?"

"பாரம் குறையும். வலி போகும், கால் மரப்பும் போகலாம். கூன் மிச்சம் இருக்கும்."

"எனக்கு மிச்சம் வேண்டாம்" என்றீர்கள்.

வெளியே வந்ததும் அண்ணன் வெடித்தார். "அழகு பாக்கவா ஆபரேஷன் செய்யது? டாக்டரு வாயால ஒடியும்னு சொல்லுதாரு, இவ நிமித்துன்னு நிக்கா!" என்று மருந்துக் கடை வாசலில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டார். மறுநாள், உங்களிடம் கேட்டுக்கொண்டு, கண்ணாடி விஷயத்தை டாக்டரிடம் நான் சொன்னேன். அவர் வேறு மதத்துக்காரர். கேட்டபடி பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "அவங்க கேக்கிறது எனக்குப் புரியுது. எலும்புக்குப் புரியணுமே" என்றார். பிறகு, முடிந்த அளவு நிமிர்த்துகிறேன் என்றார். மகன் மட்டும் மஸ்கட்டிலிருந்து, "சிமெண்டா? அம்மை என்ன, மாடி கெட்டப் போறாவளா?" என்று போனில் சிரித்தான். சிரித்துவிட்டு லைனைத் துண்டித்தவன், என்னைத் தனியாகக் கூப்பிட்டு அழுதான். இதை உங்களிடம் நான் சொல்லவில்லை.

ஆபரேஷன் அன்றைக்கு எந்திரத்தை நான்தான் ஓட்டினேன். வேண்டாம் என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். வேறு யார் கையும் அங்கே இருக்க எனக்கு மனசில்லை. உங்களைக் குப்புறக் கிடத்தி, நெஞ்சுக்கும் இடுப்புக்கும் அடியில் மெத்தை வைத்தபோதே முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. ஸ்க்ரூக்களைப் போட்டு முடித்தபின் சிமெண்டைக் குழைத்தார்கள். நீர்த்திருந்தால் ஓடிவிடும், இறுகிவிட்டால் போகாது. பற்பசை பதம் வரும்வரை டாக்டர் காத்திருந்தார். பிறகு ஒவ்வொரு ஸ்க்ரூ வழியாகவும் மெல்ல மெல்லச் செலுத்தினார். "எடுங்க" என்பார், நான் மிதியை அழுத்துவேன். திரையில் ஸ்க்ரூ நுனியைச் சுற்றிக் கறுப்பாகப் பரவும். மறுபடியும் "எடுங்க". ஓரிடத்தில் கறுப்பு ஒரு நூல் மாதிரி முன்பக்கம் நீண்டது. டாக்டர் சட்டென்று கையை நிறுத்தினார். மயக்க மருந்து டாக்டர் தன் திரையைப் பார்த்தபடி, "பிரஷர் பரவாயில்ல" என்றார். அந்த நூல் மேலே நீளுகிறதா என்று பார்த்தோம். நீளவில்லை. வியர்வையில் என் உள்ளாடை வரை நனைந்துவிட்டது. சிமெண்ட் இறுகிய பிறகு கம்பியைப் பொருத்தி நிமிர்த்தினார்கள். திரையில் உங்கள் முதுகு நேராக ஆவதை நான் பார்த்தேன் மைனி. அதைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அது ரொம்ப அழகாக இருந்தது.

எழுந்து நின்றபோது என்னை நேராகப் பார்த்தீர்கள். கண்ணுக்குக் கண். "ஏட்டி, உனக்கு இவ்வளவு நரைச்சு போச்சா?" என்பதுதான் முதல் பேச்சு. கால் மரப்பு விலகியது. சேலைக்கு மேலே பெல்ட்டைக் கட்டிக்கொண்டு முற்றத்தில் நடந்தீர்கள். நிழல்தாங்கலுக்கு உடனே போக வேண்டும் என்று பிடிவாதம். டாக்டர் இப்போது வேண்டாம் என்றார். குனியக் கூடாது, எடை தூக்கக் கூடாது. எலும்புக்கு ஊசி போட்டு வந்தோம். அந்த மாதங்களில் வீட்டுக் கண்ணாடியைக்கூட நீங்கள் பார்க்கவில்லை. தலை வாரும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு வாரினீர்கள். "முதல்ல அங்க" என்பீர்கள்.

டாக்டர் சரி என்று சொன்ன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் போனோம். அண்ணன் முன்னாடியே தலைப்பாகை கட்டிப் போயிருந்தார். தாங்கலுக்குள் போகுமுன் கிணற்றில் தண்ணீர் கோரித் தலைவழியே ஊற்றி, ஈரத்தோடு போவது உங்கள் வழக்கம். கூன் விழுந்த பிறகு நான்தான் கோரி ஊற்றுவேன். அன்றும் நான் கோருவதாகத்தான் பேச்சு. "மாற்றுச் சேலையை ஆட்டோவிலேயே வச்சிட்டேன், ஓடிப் போய் எடுத்துட்டு வா" என்றீர்கள். போய் எடுத்துக்கொண்டு திரும்பினால், நீங்கள் நனைந்து நிற்கிறீர்கள். வாளி கல்லின்மேல் இருந்தது.

"மைனி, என்ன காரியம் செய்திய?"

"எனக்க தலைக்கு நான் ஊத்துனேன். சத்தம் போடாத" என்றீர்கள். உதடு வெளுத்திருந்தது. குளிர் என்று நினைத்தேன்.

உள்ளே போய், நாமம் இட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்றீர்கள். நான் பின்னால் பக்கவாட்டில் நின்றேன். உங்கள் முகம் முழுதாகத் தெரிந்தது. நெற்றி, மூக்கு, மூக்குத்தி, வாய், எல்லாம். நீங்கள் கைகூப்பவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். மற்றவர்கள் கும்பிட்டு நகர்ந்தார்கள். உங்களை யாரும் தள்ளவில்லை. பணிவிடைக்காரர் பதத் தண்ணீர் கொடுக்க வந்து, கொஞ்சம் நின்று, பிறகு கொடுத்தார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்போதுதான் என் தோளைப் பிடித்து, "கிணத்துக்கிட்ட முதுவில டக்குனு ஒண்ணு கேட்டுது. ஆருகிட்டயும் சொல்லாத. வீட்டுக்குப் போவட்டு" என்றீர்கள்.

மறுநாள் படம் எடுத்தேன். மேல் ஸ்க்ரூவுக்கு அடுத்த எலும்பு நசுங்கியிருந்தது. டாக்டர் எதைச் சொன்னாரோ, அதுவே, அங்கேயே. ஸ்க்ரூக்கள் அசையவில்லை. சிமெண்ட் ஒரு மயிரிழை விலகவில்லை. போட்டது எல்லாம் போட்ட இடத்தில் கச்சிதமாக இருந்தது. போடாத இடம் உடைந்துவிட்டது. டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். இன்னும் மேலே நீட்டிச் செய்யலாம் என்றார். நீங்கள் முடியாது என்றீர்கள். நெஞ்சு மட்டத்தில் புதுக் கூன் விழுந்தது. அது பழையதைவிட மோசம். கீழே நேராக நின்று, மேலே மட்டும் முன்னால் மடிந்து போவீர்கள். கண்ணாடியில் மறுபடியும் உச்சந்தலைதான்.

என்னை உறங்கவிடாமல் செய்கிற இடத்துக்கு இப்போது வந்துவிட்டேன். கட்டிலில் கிடந்த அந்த நாட்களில் நீங்கள் என்னிடம் இரண்டு விதமாகப் பேசினீர்கள். ஒரு நாள், கஞ்சியைத் தள்ளிவிட்டு, "சும்மா கெடந்திருக்கணும் ஏட்டி. முன்ன வலின்னாலும் ஒரு ஆசை இருந்துது. இப்ப ஆசையும் இல்ல. எதுக்கு நிமித்தச் சொன்னேன்?" என்று கேட்டீர்கள். என்னைக் கேட்கவில்லை, கூரையைக் கேட்டீர்கள். வேறொரு நாள், வலி கொஞ்சம் விட்டிருந்த காலை, நான் தலை வாரிவிட்டபோது, "நான் கண்டாச்சு. மதி" என்றீர்கள். அதைச் சொன்ன குரலில் வருத்தம் இல்லை. இரண்டில் எது நீங்கள்? வலியில் சொன்னதா, வலி விட்டபோது சொன்னதா? நெஞ்சில் சளி கட்டி நீங்கள் போன பிறகு மகன் வந்து இறங்கி, "அம்மை கடைசில என்ன சொன்னாவ?" என்று கேட்டான். "கண்டாச்சு, மதின்னு சொன்னாவ மக்கா" என்றேன். மற்றதை விழுங்கிவிட்டேன்.

உங்கள்மேல் எனக்குக் கோபமும் உண்டு. ஒரு வாளித் தண்ணீர். நான் கோரித் தந்திருக்க மாட்டேனா? அந்த எலும்பு வேறொரு நாள், தும்மும்போதோ கட்டிலில் புரளும்போதோ, எப்படியும் ஒடிந்திருக்கும் என்று டாக்டர் சொல்கிறார். இருக்கலாம். இருந்தாலும் கிணற்றைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. உடனே கண்ணாடி முன்னால் நின்ற உங்கள் முகம் வந்துவிடும். ஆத்திரப்படவும் முடியாமல், சந்தோஷப்படவும் முடியாமல் நிற்கிறேன்.

அடக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்டதற்குப் பதில் தெரிய வேண்டாமா?

நம் விளையில்தான் குழி. குளிப்பாட்டி, வெள்ளை உடுத்தி, நாமம் இட்டுக் கொண்டுபோனோம். கால் மடங்கியது. இடுப்பு, டாக்டர் போட்ட கம்பியின் தயவில், சுவர் மாதிரி நின்றது. ஆனால் அதற்கு மேலே நெஞ்சு மடிந்து தலை மடியை நோக்கிச் சரிந்தது. பின்னால் துணியைச் சுருட்டி வைத்தார்கள், நிற்கவில்லை. "எதுக்குப் போட்டுப் பாடுபடுத்தணும்? கிடத்தியே அடக்கலாம். இப்ப எல்லாரும் அப்பிடித்தானே செய்யாவ" என்று யாரோ சொன்னார்கள். தப்பாகச் சொல்லவில்லை, பார்க்கச் சகிக்காமல்தான் சொன்னார்கள்.

அண்ணன் குழியின் ஓரத்தில் நின்றார். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர். "இருத்தணும்" என்றார். "மோறு நேரே இருக்கணும். அவளுக்கு அது வேணும்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எனக்குத் தெரியும் பிள்ளேய். அவ கண்ணாடி முன்னால கழுத்தை வெட்டி வெட்டிப் பாக்கது எனக்குத் தெரியாதா? கண்ணாடியைக் கொறச்சு சாச்சு வைக்கலாமான்னு தாங்கல்ல போய்க் கேட்டேன். அது ஆவாதுன்னு சொல்லிட்டாவ. வந்து அவகிட்ட ஒண்ணும் சொல்லல்ல. அவ நிமித்துன்னு சொன்னப்ப, இவ செத்துப் போவாளேன்னுதான் சத்தம் போட்டேன்." நீங்கள் அவரிடம் மறைத்ததை அவர் உங்களிடம் மறைத்திருக்கிறார். இருவரும் ஒரே வீட்டில், ஒரே கட்டன்சாயாவைக் குடித்துக்கொண்டு.

நான் குழிக்குள் இறங்கினேன். பெண்கள் இறங்குகிற வழக்கம் கிடையாது. யாரும் தடுக்கவும் இல்லை. உங்கள் பக்கத்தில் முட்டுக்குத்தி, உள்ளங்கையை உங்கள் மோவாய் நாடிக்கு அடியில் கொடுத்துத் தலையைத் தூக்கினேன். வடக்கே பார்த்து முகம் நேரானது. "இப்பிடியே இருக்கட்டு" என்றார் அண்ணன். சுற்றிலும் மண்ணை இறக்கினார்கள். மடி மறைந்தது, வயிறு மறைந்தது, தோள் மறைந்தது. பணிவிடைக்காரர் குனிந்து, கழுத்தைச் சுற்றி மண்ணைக் கையால் அள்ளி வைத்து, அமுக்கி அமுக்கி விட்டார். என் கை உங்கள் நாடிக்கும் மண்ணுக்கும் நடுவே இருந்தது. தலையின் கனம் முழுக்க என் கையில். அந்தத் தலை அவ்வளவு கனக்கும் என்று நான் நினைக்கவில்லை மைனி.

"மதி மக்களே, கையை எடு. மண்ணு தாங்கிக்கிடும்" என்றார் அவர்.

எடுத்தால் சரிந்துவிடும் என்றேன். சரியாது என்றார். நான் எடுக்கவில்லை. அவர் கோபப்படாமல் என் மணிக்கட்டைப் பிடித்து, மெதுவாக, விரல் விரலாக வெளியே எடுத்தார். உங்கள் முகம் அப்படியே நின்றது. ராணி மாதிரி என்று சொல்ல மாட்டேன், பொய்யாகிவிடும். களைத்துப் போன ஒரு பெண் மாதிரி, நேராக.

நேற்று ஒரு கிழவர் நெஞ்சுப் படம் எடுக்க வந்தார். நெஞ்சைப் பலகையில் ஒட்டி நிற்க வைத்து, நாடியைத் தூக்கி விளிம்பில் வைக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நாள் முழுக்கச் செய்கிற காரியம்தான். இப்போதெல்லாம் ஒவ்வொரு நாடியும் என் கைக்கு வரும்போது முதலில் கனம் பார்க்கிறேன். தூக்கி வைத்த பிறகு கையை எடுக்க வேண்டும். எடுத்தால்தான் படம் எடுக்க முடியும். நான் எடுக்காமல் நின்றேன் போலிருக்கிறது. கிழவர் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பி, "நான் விழமாட்டேன் மக்களே, விட்டிரு" என்றார்.